ரங்கூன்: ஏற்றுமதிக்காகக் கட்டப்பட்ட நகரம்

1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ரங்கூனில் சுமார் 4 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள். பர்மியர்கள் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. மீதிப் பேர் சீனர்கள், ஐரோப்பியர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், கரேன் இனத்தவர், இன்னும் சிலர். பர்மாவின் தலைநகரத்திலேயே பர்மியர்கள் சிறுபான்மை. இந்த ஒரு விஷயம் எப்படி நடந்தது என்று பிடித்துக்கொண்டால், அந்த நகரத்தின் பிரிட்டிஷ் காலக் கதை முழுக்கப் புரிந்துவிடும். அதை அடியிலிருந்து சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் 'காலனியத் துறைமுக நகரம்' என்றால் என்ன? ஒரு பேரரசு ஒரு நாட்டைப் பிடிக்கிறது. அந்த நாட்டில் விளைவது, வெட்டுவது, தோண்டுவது எல்லாம் ஓர் இடத்தில் சேர்ந்து கப்பலேற வேண்டும். அதற்காக ஆற்று முகத்துவாரத்திலோ கடலோரத்திலோ ஒரு நகரம் எழும்புகிறது. வெளியூர்ச் சரக்கு வந்து இறங்கி, எடை போட்டு, வண்டியேறும் நம்மூர்க் கமிஷன் மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டிக்கு விளைச்சலும் சொந்தமில்லை, சாப்பாடும் சொந்தமில்லை, கைமாறுவதுதான் அதன் பிழைப்பு. சென்னை, கல்கத்தா, பம்பாய், சிங்கப்பூர் எல்லாம் இந்த வகைதான். ரங்கூனில் இந்த முறை இன்னும் தெளிவாகத் தெரியும். ஏனென்றால் பிரிட்டிஷார் கல்கத்தாவிலும் சிங்கப்பூரிலும் கற்றுக்கொண்டதை வைத்து, ஒரே வீச்சில், காகிதத்தில் கோடு போட்டுக் கட்டிய ஊர் அது.

அதற்கு முன்னால் அங்கே ஊரே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஷ்வேடகோன் பகோடா பல நூற்றாண்டுகளாக அந்தக் குன்றின் மேல் நிற்கிறது. புத்தரின் தலைமுடி உள்ளே இருப்பதாக பௌத்தர்களின் நம்பிக்கை. பக்கத்திலிருந்த சிற்றூரின் பெயர் தகோன். 1755இல் மன்னர் அலாங்பயா அதைக் கைப்பற்றி யாங்கோன் என்று பெயர் வைத்தார். அதைத்தான் ஆங்கிலேயர்கள் ரங்கூன் என்றார்கள், நாமும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். கடலிலிருந்து சுமார் 20 மைல் உள்ளே, ஆற்றங்கரையில், மரத்தடுப்பு வேலிக்குள், கால் நட்டுக் கட்டிய மர வீடுகளோடு இருந்த ஊர். தேக்கு மலிவு என்பதால் அங்கே கப்பல் கட்டுவார்கள். அர்மீனிய வணிகர்களும் முஸ்லிம் வணிகர்களும் ஏற்கெனவே இருந்தார்கள். ஆனால் ராஜ்ஜியத்தின் இதயம் வடக்கே, ஐராவதி ஆற்றின் மேல்பகுதியில், ஆவா, அமரபுரா, பின்னாளில் மாண்டலே என்று இருந்தது.

பர்மா பிரிட்டிஷார் கையில் ஒரே நாளில் விழுந்துவிடவில்லை. 3 போர்கள், 60 ஆண்டுகள்.

முதல் போர் 1824இல். மே மாதம் பிரிட்டிஷ் கப்பல்கள் ரங்கூனுக்குள் வந்தபோது ஊர்க்காரர்கள் ஊரைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். உணவு இல்லை, ஆள் இல்லை, மழைக்காலம் வேறு தொடங்கிவிட்டது. வந்த படையில் சென்னை ராஜதானியின் சிப்பாய்கள் ஏராளம். சண்டையில் செத்தவர்களைவிடக் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் செத்தவர்கள் பல மடங்கு. அந்தப் படை ஷ்வேடகோன் குன்றையே கோட்டையாக்கி உட்கார்ந்தது. அங்கே மன்னர் சிங்கு 1779இல் வார்த்துக் கொடுத்த பெரிய வெண்கல மணி ஒன்று உண்டு, எடை 20 டன்னுக்கு மேல். அதைக் கழற்றிக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். படகில் ஏற்றும்போது மணி ஆற்றில் விழுந்து மூழ்கிவிட்டது. பிரிட்டிஷாரால் எடுக்க முடியவில்லை. பர்மியர்கள் மூங்கில்களைக் கட்டி மிதக்கவைத்து மேலே கொண்டுவந்து மறுபடி பகோடாவிலேயே மாட்டினார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறது. பர்மியர்கள் இதைச் சொல்லும்போது அவர்கள் குரலில் ஒரு பெருமை இருக்கும். அது நியாயமான பெருமை.

1826இல் யாண்டபோ உடன்படிக்கை. கடலோரப் பகுதிகளான அரக்கானும் தெனாசரிமும் பிரிட்டிஷாருக்குப் போயின, ரங்கூன் பர்மிய மன்னருக்கே திரும்பியது. அப்புறம் 1852. இரண்டு ஆங்கிலேயக் கப்பல் தலைவர்களுக்கு ரங்கூன் ஆளுநர் அபராதம் விதித்தார் என்பதுதான் சாக்கு. கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி போர்க்கப்பல்களை அனுப்பினார். ஏப்ரலில் ரங்கூன் விழுந்தது, டிசம்பரில் ரங்கூனைச் சுற்றிய பெகு பகுதி முழுவதும் இணைக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. ஒரு சிறிய அபராதத் தகராறுக்காக ஒரு மாகாணத்தையே எடுத்துக்கொண்டார்கள். 1862இல் பிடித்த பகுதிகளையெல்லாம் சேர்த்து 'பிரிட்டிஷ் பர்மா' என்று ஆக்கி, ரங்கூனைத் தலைநகரமாக்கினார்கள். 1885இல் மூன்றாவது போர். மன்னர் தீபா மாண்டலேயிலிருந்து ரத்னகிரிக்கு நாடு கடத்தப்பட்டார். இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு மன்னர் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தார். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு கடைசி முகலாயர் பகதூர் ஷா ஜாஃபரை ரங்கூனுக்குத்தான் அனுப்பினார்கள். 1862 நவம்பர் 7இல் அங்கேயே இறந்தார்.

சரி, நகரத்துக்கு வருவோம்.

1852இல் கைப்பற்றிய கையோடு பிரிட்டிஷார் செய்த முதல் காரியம், ஊரின் நிலம் முழுவதும் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்று அறிவித்ததுதான். போருக்கு முன் அங்கே வீடு வைத்திருந்தவர்களின் உரிமை ஒரே அறிவிப்பில் போய்விட்டது. பிறகு வரைபடம். சிங்கப்பூரில் வேலை பார்த்திருந்த மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி முதல் யோசனையைக் கொடுத்தார். வங்காளப் பொறியாளர் படையைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஃபிரேசர் அதைத் திருத்தித் தரையில் இறக்கினார். ஆற்றங்கரையை ஒட்டி ஸ்ட்ராண்ட் சாலை, அதற்கு இணையாகக் கிழக்கு மேற்காகச் சில பெரிய சாலைகள், அவற்றை வெட்டிக்கொண்டு வடக்கு தெற்காக நெருக்கமான குறுந்தெருக்கள். நடுவில் சுலே பகோடா. பழைய ஊரில் எல்லாரும் ஷ்வேடகோனைப் பார்த்து நடந்தார்கள் என்றால், புதிய ஊரில் குறுந்தெருக்கள் எல்லாம் ஆற்றைப் பார்த்து ஓடின. எதற்காகக் கட்டிய ஊர் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

பெரிய சாலைகளின் அகலம் 100 அடி. குறுந்தெருக்கள் 30 அடி. குறுந்தெருக்கள் பலவற்றுக்குப் பெயரே கிடையாது, எண்தான். 26ஆம் தெரு, 30ஆம் தெரு, 37ஆம் தெரு என்று இன்றும் அப்படியேதான் சொல்கிறார்கள். பெயர் வைத்த சாலைகளுக்கு டல்ஹவுசி, ஃபிரேசர், முதல் ஆணையர் ஆர்தர் ஃபேர் என்று தங்கள் ஆட்களின் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

இதற்கெல்லாம் பணம்? மனைகளைப் பிரித்து விற்றுத்தான். நிலம் தாழ்வானது, மழைக்காலத்தில் வெள்ளம் ஏறும். மண் கொட்டி மேடாக்க வேண்டியிருந்தது. மனை விற்ற காசு அதற்குப் போனது. அதாவது நகரம் தன்னைத்தானே விற்றுத் தன்னைக் கட்டிக்கொண்டது. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு விளைவு ஒளிந்திருக்கிறது. கையில் ரொக்கம் உள்ளவருக்குத்தான் மனை. ரொக்கம் இருந்தது ஐரோப்பிய நிறுவனங்களிடமும் இந்திய, சீன வணிகர்களிடமும். சாதாரணப் பர்மியக் குடும்பங்கள் நகரத்தின் நடுவிலிருந்து விளிம்புகளுக்குத் தள்ளப்பட்டன. 1931 கணக்கின் விதை இங்கேயே விழுந்துவிட்டது என்பது என் கருத்து.

அடுத்தது அரிசி. இதுதான் கதையின் மையம்.

ஐராவதி டெல்டா அப்போது பெரும்பாலும் காடும் சதுப்பும். 1850களில் கீழ் பர்மாவில், அதாவது பர்மாவின் தென்பகுதியில், நெல் விளைந்தது சுமார் 10 லட்சம் ஏக்கரில். 1930 வாக்கில் அது 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. வடக்கிலிருந்து இறங்கிவந்த பர்மிய விவசாயிகள்தான் பாம்பும் மலேரியாவும் கொசுவுமான அந்தக் காட்டை வெட்டி வயலாக்கினார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது ஐரோப்பியச் சந்தையைப் பக்கத்தில் கொண்டுவந்தது. நெல் படகுகளில் டெல்டாவின் கால்வாய்கள் வழியாக ரங்கூனுக்கு வரும், பசுண்டாங் ஓடைக் கரையில் வரிசையாக நின்ற நீராவி ஆலைகளில் அரைபடும், மூட்டையாகிக் கப்பலேறும். ஸ்டீல் பிரதர்ஸ் போன்ற பெரிய பிரிட்டிஷ் நிறுவனங்கள்தான் விலையைத் தீர்மானித்தன. 1920களின் இறுதியில் பர்மா ஆண்டுக்கு சுமார் 30 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்தது. உலகில் அவ்வளவு அரிசி விற்ற நாடு வேறில்லை. சென்னை ராஜதானி, இலங்கை, மலாயா என்று தமிழர்கள் இருந்த இடமெல்லாம் ஏழைகளின் உலையில் கொதித்தது பெரும்பாலும் ரங்கூன் அரிசிதான்.

அரிசி மட்டுமல்ல. தேக்கும் எண்ணெயும் இதே வழியில் போயின. ஐராவதி ஃப்ளோட்டில்லா நிறுவனத்தின் நீராவிப் படகுகள் ஆற்றிலும், 1877இல் தொடங்கிய ரயில் தரையிலும் சரக்கை ரங்கூனுக்கு இழுத்து வந்தன. எதிர்க்கரையில் சிரியத்தில் பர்மா ஆயில் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை.

அறுவடை முடிந்து தை மாசி வாக்கில் நெல் ரங்கூனில் குவியத் தொடங்கும்போது, அதை இறக்க, சுமக்க, அரைக்க, ஏற்ற ஆயிரக்கணக்கான கைகள் சில மாதங்களுக்கு மட்டும் வேண்டும். வயலில் நிலம் கிடைக்கும்போது பர்மிய விவசாயி எதற்கு ஆலையில் கூலிக்கு நிற்கப்போகிறார்? நிறுவனங்களுக்கோ மலிவான கூலி வேண்டும். வங்காள விரிகுடாவின் அந்தப் பக்கத்தில் கோதாவரி, விசாகப்பட்டினம், கஞ்சம் மாவட்டங்களில் வறுமை. கப்பல் கட்டணம் குறைவு. 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம் என்பதால் கடவுச்சீட்டு, அனுமதி எதுவும் தேவையில்லை. சென்னையிலிருந்தோ காக்கிநாடாவிலிருந்தோ டெக்கில் படுத்துக்கொண்டு சில நாட்களில் போய்ச் சேர்ந்துவிடலாம். 1920களின் பிற்பாதியில் ஆண்டுக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ரங்கூன் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். கிட்டத்தட்ட அதே அளவு ஆட்கள் திரும்பியும் போனார்கள். குடியேற்றம் என்பதைவிடப் போக்குவரத்து என்று சொல்வதுதான் பொருத்தம்.

பெரும்பாலும் ஆண்கள். மேஸ்திரி முன்பணம் கொடுத்து அழைத்து வருவார். அந்தக் கடன் தீரும்வரை கூலியில் பிடித்தம், அதற்கு மேல் மேஸ்திரியின் தரகு. துறைமுகத்திலும் ஆலையிலும் ரிக்‌ஷா இழுப்பதிலும் தெலுங்கர்களே அதிகம். நீராவிப் படகுகளில் சிட்டகாங்கைச் சேர்ந்தவர்கள். தமிழர்களில் கூலித் தொழிலாளிகள், வண்டிக்காரர்கள், குமாஸ்தாக்கள், சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்கள், நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் என்று எல்லா நிலையிலும் இருந்தார்கள். கூலிகள் தங்கிய அறைகளில் சட்டம் அனுமதித்ததைவிடப் பல மடங்கு நெரிசல். ஸ்ட்ராண்ட் சாலையின் பளிங்கு முகப்புகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த அறைகளை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம்தான். அந்த முகப்புகளின் வாடகையைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் இந்த அறைகளில்தான் படுத்தார்கள்.

ஆனாலும் அந்த நகரத்தில் ஒரு வியப்பு இருந்தது, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். சுலே பகோடாவிலிருந்து மேற்கே கொஞ்சம் நடந்தால் போதும்: 26ஆம் தெருவில் பாக்தாத் யூதர்களின் தொழுகைக்கூடம், 30ஆம் தெருவில் ஈரானிய ஷியாக்களின் மசூதி, குஜராத்தின் சூரத்திலிருந்து வந்தவர்களின் சந்தை, சூலியா பள்ளிவாசல், தமிழர்கள் 1871இல் கட்டிய காளி கோயில், அதைத் தாண்டினால் சீனர்களின் லாத்தா பகுதி. ஸ்ட்ராண்ட் ஹோட்டலை 1901இல் திறந்தவர்கள் அர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள். 1906இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. தெருவில் பொதுவான மொழி இந்துஸ்தானி. ஒரு பர்மியர் தன் சொந்தத் தலைநகரத்தில் தபால் நிலையத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போனால் இந்துஸ்தானி தெரிந்திருந்தால்தான் காரியம் நடக்கும் என்ற நிலை.

இந்தக் கூட்டத்துக்கு மேலே ஐரோப்பியர்கள். எண்ணிக்கையில் மிகச் சிலர். பெகு கிளப்பில் பர்மியருக்கோ இந்தியருக்கோ உறுப்பினர் இடம் கிடையாது, எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும். 1900களின் தொடக்கத்தில் சிவப்புச் செங்கல்லில் கட்டி முடித்த செயலகத்திலிருந்து மாகாணம் முழுவதையும் ஆண்டார்கள்.

பணம் எப்படிச் சுழன்றது என்பதையும் பார்த்துவிட வேண்டும். காட்டை வெட்டும் விவசாயிக்கு முதல் விளைச்சல் வரும்வரை காசு வேண்டும். பிரிட்டிஷ் வங்கிகள் அவருக்குக் கடன் தராது; அவை செட்டியாருக்குத் தரும், செட்டியார் விவசாயிக்குத் தருவார். ரங்கூன் மொகல் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது கடையும் தங்குமிடமும் சேர்ந்த கூடங்கள், இருந்தன. தரையில் விரித்த பாய், சாய்வு மேசை, கணக்குப் பெட்டி, அதற்குப் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்த ஏஜெண்டு. மூன்று வருடக் கணக்குக்கு ஊரிலிருந்து வருவார், கணக்கை முடித்து ஒப்படைத்துவிட்டுத் திரும்புவார். இதைச் செட்டிநாட்டில் 'கொண்டுவிக்கப் போவது' என்பார்கள். டெல்டாவின் சிற்றூர்கள் வரை பரவியிருந்த கடைகள் எல்லாம் இந்தத் தெருவோடு கணக்கு வைத்திருந்தன. வட்டி உள்ளூர்ப் பர்மிய வட்டிக்காரர்களைவிடப் பொதுவாகக் குறைவு. செட்டியார்களுக்கு நிலத்தின் மேல் ஆசை இருக்கவில்லை, பணம் திரும்பினால் போதும்.

ஆனால் 1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. கடன் அடைக்க முடியாத விவசாயிகளின் நிலம் ஈட்டின் பேரில் கைமாறியது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930இல் சுமார் 6 சதவீதம். 1937 வாக்கில் 25 சதவீதம். தங்கள் தாத்தா காடு வெட்டி உண்டாக்கிய நிலத்தில் பேரன் குத்தகைக்காரன் ஆனான். விலையை நிர்ணயித்த லண்டனும் ஆலை நிறுவனமும் அவன் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் செட்டியார். கோபம் யார் மேல் பாயும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. செட்டியார்களைக் கொடியவர்களாக மட்டும் காட்டுவதும் தவறு, அவர்களுக்குப் பங்கே இல்லை என்பதும் தவறு.

எதிர்ப்பு முதலில் பகோடாவில் தொடங்கியது. ஐரோப்பியர்கள் ஷ்வேடகோனுக்குள் காலணியோடு நடந்தார்கள். பர்மியர்களுக்கு அது தாங்க முடியாத அவமதிப்பு. 1916இலிருந்து கூட்டங்கள், தீர்மானங்கள். 1919இல் காலணி விஷயத்தை அந்தந்தக் கோயில் பிக்குகளே முடிவு செய்யலாம் என்று அரசு இறங்கிவந்தது. 1920இல் ரங்கூன் பல்கலைக்கழகம் தொடங்கிய வேகத்திலேயே மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1936இல் இன்னொரு மாணவர் போராட்டம். அதன் முன்னணியில் இருந்தவர்களில் ஒருவர் பின்னாளில் விடுதலை இயக்கத்தின் தலைவரான ஆங் சான், இன்னொருவர் சுதந்திர பர்மாவின் முதல் பிரதமரான ஊ நூ.

1930 மே மாதத்தில் நடந்ததைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளிகள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கப்பல் முதலாளிகள் பர்மியர்களை வேலைக்கு எடுத்தார்கள். நெல் விலை சரியத் தொடங்கிய காலம், பர்மியருக்கும் இப்போது கூலி வேலை தேவை. சில நாட்களில் சமரசம் ஏற்பட்டு இந்தியத் தொழிலாளிகள் திரும்பினார்கள். மே 26 காலையில் வேலைக்கு வந்த பர்மியர்களிடம் வேலை இல்லை என்று சொல்லப்பட்டது. கேலியில் தொடங்கிக் கைகலப்பாகி, நகரம் முழுவதும் வெட்டும் குத்துமாகப் பரவியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் இந்தியக் கூலிகள். இரண்டு ஏழைக் கூட்டங்களை ஒரே வேலைக்கு எதிரெதிரே நிறுத்தியவர்கள் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. 1938இல் மதத்தை அவமதித்த ஒரு நூலைச் சாக்காக வைத்து மறுபடி கலவரம். அந்த முறை குறி இந்திய முஸ்லிம்கள்.

1937 ஏப்ரல் 1இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1941 டிசம்பர் 23இல் ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மேல் குண்டு வீசின. வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்ற மக்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். துறைமுகக் கூலிகள் ஓடினார்கள், துப்புரவுத் தொழிலாளிகள் ஓடினார்கள், நகரம் நின்றுபோனது. 1942 மார்ச்சில் பிரிட்டிஷார் சிரியம் எண்ணெய் ஆலைக்குத் தீ வைத்துவிட்டு வெளியேறினார்கள். பர்மாவிலிருந்து சுமார் 5 லட்சம் இந்தியர்கள் இந்தியாவை நோக்கிக் கிளம்பினார்கள். காசுள்ளவர்களுக்குக் கப்பல், மற்றவர்களுக்கு அரக்கான் மலைகளும் மணிப்பூர்க் காடுகளும். வழியில் பல்லாயிரம் பேர் பசியிலும் காலராவிலும் மடிந்தார்கள். பர்மா அரிசி நின்றதன் அடி வங்காளத்திலும் இலங்கையிலும் விழுந்தது.

1945 மே மாதம் பிரிட்டிஷார் திரும்பி வந்தார்கள், ஆனால் பழைய நகரம் திரும்பவில்லை. 1947 ஜூலை 19இல் செயலகத்தின் உள்ளேயே ஆங் சானும் அவருடைய சகாக்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1948 ஜனவரி 4இல் சுதந்திரம். டல்ஹவுசி சாலைக்கு, முதல் போரில் பிரிட்டிஷாரை எதிர்த்து இறந்த தளபதி மகா பந்துலாவின் பெயர் வந்தது. 1962இல் ராணுவ ஆட்சி, அடுத்த சில ஆண்டுகளில் கடைகளும் வங்கிகளும் தேசியமயமானபோது மிச்சமிருந்த இந்தியர்களில் லட்சக்கணக்கானோர் வெளியேறினார்கள். சென்னை பர்மா பஜார் அவர்களுக்காக வந்தது.

தலைநகரம் நேபிடாவுக்குப் போனபின் ரங்கூனின் பெரிய அரசுக் கட்டடங்கள் பல காலியாகிப் பூட்டிக் கிடந்தன. எதைக் காப்பது, எதை இடிப்பது என்ற விவாதம் நடக்கிறது. செயலகம், உயர் நீதிமன்றம், ஸ்ட்ராண்ட் ஹோட்டல் போன்றவற்றுக்கு ஆதரவாளர்கள் உண்டு. எண் மட்டுமே உள்ள குறுந்தெருக்களின் பழைய அடுக்கு வீடுகளுக்கு அவ்வளவு பேர் பரிந்து பேசுவதில்லை. நூறு ஆண்டுகள் இந்த நகரத்தைத் தோளில் சுமந்தவர்கள் அந்த 30 அடித் தெருக்களில்தான் இருந்தார்கள். அவற்றில் சிலவாவது முழுத் தெருவாக, மேல் மாடி அறைகளோடு காப்பாற்றப்பட வேண்டும் என்பது என் விருப்பம்.